கைக்கு முந்திய தோள்

ரமோனாவுக்கு யோகா பிடித்துப்போய்விட்டது. அதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். டூயிஸ்பர்க் எஃகு ஆலையில் பத்தொன்பது வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவள். இருபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒன்பது டன் கம்பிக் கட்டைத் தூங்குகிற குழந்தையை இடம் மாற்றுவதுபோல மாற்றி வைக்கிறவள். அப்பா நிலக்கரிச் சுரங்கத்துக்காரர். அந்த வீட்டில் மூச்சு என்றால் இருமலோடு வருவது. உட்கார்ந்து அதைக் கவனித்தவர் யாரும் கிடையாது.

பிப்ரவரியில், கீழேயிருந்து அவளுக்குச் சைகை காட்டுகிற எர்டாலுக்கு ஒரு விபத்தில் கால் போயிற்று. மூன்று வாரம் கழித்து, நூற்றுப் பன்னிரண்டு படி ஏறிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்த ரமோனா, நெம்புகோலைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் நாற்பது நிமிஷம் அப்படியே இருந்தாள். ஃபோர்மேன் க்ளாஸென் ஏறி வந்து, விரல் விரலாகப் பிரித்து, இடுப்பைப் பிடித்து இறக்கினார். பிறகு ஒரு டாக்டர், மாத்திரை, இன்னொரு டாக்டர், வேறு மாத்திரை. கடைசியில், அக்டோபரில், சவர்லாந்து மலையில் இருந்த இந்த மருத்துவமனை. ஐந்து வாரம். காலையில் யோகா, பத்து மணிக்குப் பேச்சு, மூன்று மணிக்கு மனதைக் கவனிக்கும் வகுப்பு, ஐந்தே முக்காலுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை டாக்டர் அறிக்கை எழுதுவார். கிரேன் ஓட்டத் தகுதி உண்டு, அல்லது இல்லை. இல்லை என்றால் நாற்பத்தெட்டு வயதில் அவளுக்குக் கிடைக்கப்போவது, துருப்பிடித்த இரும்பை ரகம் பிரிக்கிற கொட்டகை. அங்கே போன யாரும் திரும்பி வந்ததில்லை.

பக்கத்து விரிப்புக்காரன் ஹொல்கெர். கெல்சன்கிர்ஷனில் பஸ் ஓட்டினவன். ஒருநாள் நடு ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பயணிகளை உள்ளே விட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டவன்.

"மல்லாக்கப் படுத்துக்கிட்டு குதிகாலை நினைக்கிறதுக்குக் கவர்ன்மென்ட் சோறு போடுது பாரு," என்பான். "எங்க அப்பன் கேட்டா சவப்பெட்டிக்குள்ள எழுந்து உக்காந்துடுவான்."

"நீ எங்க குதிகாலை நினைச்ச? குறட்டைதானே விட்ட."

"ஏய், குறட்டைதான் என் குதிகாலு. உனக்கென்ன, நீ வாத்தியாரம்மா செல்லம். முதுகை நேரா வச்சுக்கிட்டு உக்கார்ற, சர்ச்சுல மெழுகுவத்தி மாதிரி."

கிண்டல்தான். ஆனால் உண்மை. வாத்தியாரம்மா தெல்ஸே சொல்லிக்கொடுத்தது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. தெல்ஸே பல வருஷம் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவள், ரமோனா வயதுதான். ஊதுபத்தியோ மணியோசையோ கிடையாது. "மனசைக் காலி பண்ணுங்கன்னு நான் சொல்லல. அது என்ன பீப்பாயா? உள்ள என்ன நடக்குதோ அதைப் பாருங்க. பிடிச்சு இழுக்காதீங்க, தள்ளியும் விடாதீங்க." அவ்வளவுதான் பேச்சு. கிரேன் கூண்டில் பத்தொன்பது வருஷம் ரமோனா செய்ததும் அதுதானே. அசையாமல் உட்கார வேண்டும், கீழே நடக்கிறதைப் பார்க்க வேண்டும், பதறக் கூடாது. மூன்றாவது வாரத்தில் அவள் ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினாள். நான்காவது வாரத்தில் நெஞ்சு படபடத்து வந்தது, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் பார்த்தாள், போயிற்று. பஸ் வந்து நின்று கிளம்பிப் போகிறதுபோலப் போயிற்று. வாசலில் நின்று மகளுக்குப் போன் போட்டு, "எனக்குச் சரியாயிடுச்சுடி," என்றாள். சொல்லும்போது அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

விபத்தைப் பற்றி எழுதி முடிந்த கதை ஒன்று இருந்தது. எர்டால் கீழே கம்பிக் கட்டுக்குச் சங்கிலி மாட்டினான். கையை உயர்த்தி வட்டமிட்டான். ஏற்று என்று அர்த்தம். அவள் ஏற்றினாள். அவன் விலகி நிற்கவில்லை. கட்டு ஒரு சாண் ஆடி, தூணுக்கும் தனக்கும் நடுவே அவன் வலது காலை நசுக்கியது. விசாரணையில் எர்டால் அப்படித்தான் சொன்னான், அவளும் அப்படித்தான் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது.

விதி என்னவோ எளிது. கீழே சைகை காட்டுகிறவன் ஒருவன்தான். அவன் கை எழுந்து வட்டமிடாமல் கொக்கி ஒரு அங்குலம் நகரக் கூடாது. ரேடியோ இருந்தது. அந்தக் கொட்டகைச் சத்தத்தில் அதில் யார் பேசினாலும் கோழி கொக்கரிக்கிற மாதிரிதான் கேட்கும். கைதான் பேச்சு. ஆனால் ஒரே ஆளோடு பதினொரு வருஷம் வேலை செய்தால் விதி மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும். புதுசாக வந்தவர்கள்தான் கைக்காகக் காத்திருப்பார்கள். பழைய ஜோடிகள் காத்திருப்பதில்லை. அதில் ஒரு பெருமையும் உண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் எர்டால் எல்லோருக்கும் கேட்கச் சொல்வான்: "நான் நினைக்கிறதுக்குள்ள மேல் வீட்டுக்காரி தூக்கிடுவா. என் பொண்டாட்டிகூட இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டதில்ல." அவள், "கீழ் வீட்டுக்காரனுக்கு நினைப்புன்னு ஒண்ணு இருக்கிறதே இன்னைக்குத்தான் தெரியும்," என்பாள். மேஜை தட்டிச் சிரிப்பார்கள்.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை காலை. இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ரமோனாவுக்கு நேர் முன்னால் ஹொல்கெரின் அகலமான முதுகு.

"மூச்சை இழுத்துக்கிட்டே கையை மேல தூக்கப் போறோம்," என்றாள் தெல்ஸே. "அவசரமே வேணாம். கை கிளம்புறதுக்கு முன்னாடி உடம்புல எது முதல்ல அசையுதுன்னு பாருங்க. உங்ககிட்டத் தெரியலன்னா, முன்னாடி இருக்கிறவங்ககிட்டப் பாருங்க."

ரமோனா பார்த்தாள். ஹொல்கெரின் வலது தோள்பட்டை அரை அங்குலம் எழுந்தது. அதற்குப் பிறகுதான் கை.

'இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்' என்று தோன்றியது. எங்கேயோவா? பதினொரு வருஷமாக, ஒரு நாளைக்கு எண்பது தடவை, மேலேயிருந்து பார்த்ததே இதைத்தான். எர்டாலின் ஆரஞ்சுச் சட்டையில் வலது தோள் எழும். அவள் நெம்புகோலைத் தள்ளுவாள். கை வட்டமிடும்போது சங்கிலி ஏற்கெனவே விறைத்திருக்கும். கையை அவள் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டியிருந்ததில்லை.

"இப்போ கையை முன்னாடி நீட்டுங்க," என்றாள் தெல்ஸே. "எட்டாத அலமாரியிலேருந்து ஒரு பாத்திரத்தை எடுக்கிற மாதிரி."

ஹொல்கெரின் தோள்பட்டை எழுந்தது. அதே அரை அங்குலம். துளி வித்தியாசம் இல்லை. ஆனால் இந்தத் தடவை கை மேலே போகவில்லை.

அவளுக்கு மூச்சு நிற்கவில்லை, கை நடுங்கவில்லை. அதுதான் கொடுமை. நாலு வாரமாகப் பழகிய அமைதியோடு, பிடித்து இழுக்காமல், தள்ளியும் விடாமல், அவள் பிப்ரவரி மாதத்தைக் கடைசிவரை பார்த்தாள். சங்கிலி முறுக்கிக்கொண்டிருந்தது. எர்டால் காலைத் தூணுக்குப் பக்கத்தில் ஊன்றி, முறுக்கை எடுக்கக் கையை நீட்டினான். தோள் எழுந்தது. அவள் ஏற்றினாள். அப்புறம் அலறல், ஓட்டம், ஆட்கள். எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருக்க, அவள் கண்ணுக்கு நேரே, ஏறி நின்ற சங்கிலியின் முறுக்கில் எர்டாலின் வலது கையுறை மாட்டிக்கொண்டு ஆடியது. சங்கிலியில் இருந்த கை எப்படி வட்டமிடும்? எட்டு மாதமாக அந்தக் கையுறை அவள் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. என்னவென்று அவள் கேட்டதில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் விரிப்பைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தாள். தெல்ஸே பக்கத்தில் வந்து குந்தினாள்.

"என்னாச்சு?"

"அமைதி வரும்னு சொன்னீங்க."

"சொல்லல. இந்த மருத்துவமனை நோட்டீஸ்ல போட்டிருக்காங்க. நான் பாருங்கன்னுதான் சொன்னேன்."

"பாத்துட்டேன். இப்ப அதை என்ன செய்யிறது?"

தெல்ஸே விரிப்பின் ஓரத்தை நேராக்கினாள். "அதுக்கு எங்கிட்ட ஆசனம் எதுவும் இல்ல, மிஸஸ் விட்டெக்," என்றாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "தாளைக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்," என்றாள்.

சாயங்கால ரொட்டி முடிந்ததும் ரமோனா எர்டாலுக்குப் போன் செய்தாள். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"என்ன மேல் வீட்டுக்காரி, பறக்கிறியாமே? தரையிலேருந்து ரெண்டு அடி எழும்பிட்டேன்னு க்ளாஸென் சொன்னாரு."

"கால் எப்படி இருக்கு?"

"எந்தக் கால்? ஒண்ணு நல்லா இருக்கு. இன்னொண்ணு பிளாஸ்டிக், அதுக்குக் குளிரே தெரியாது." சிரித்தான். "பயிற்சிக் கூடத்துல சைகை சொல்லிக்குடுக்கிற வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன்ல? இல்லன்னுட்டாங்க."

"ஏன்?"

"சைகை காட்டிட்டு அங்கேயே நின்னவன் எப்படி அடுத்தவனுக்குச் சொல்லிக்குடுப்பான்? நியாயம்தானே. வாசல்ல கேட் திறக்கிற வேலை இருக்காம். உக்காந்தே பாக்கலாமாம்."

"எர்டால், அன்னைக்கு நீ கையைத் தூக்கினியா?"

பாத்திரச் சத்தம் நின்றது. அவன் எழுந்து வேறு அறைக்குப் போகிறான் என்று தெரிந்தது. ஒரு காலடி அழுத்தமாகவும் ஒன்று லேசாகவும் விழுந்தது.

"தூக்கினேன்னு எழுதியிருக்குல்ல."

"தூக்கினியான்னு கேக்கிறேன்."

"உனக்கு எதுக்கு இப்ப இது?"

"உன் கை சங்கிலியில இருந்துச்சு. தோளைப் பாத்துட்டு நான் ஏத்திட்டேன்."

"தெரியும்," என்றான் எர்டால்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தெரிஞ்சேவா அப்படிச் சொன்ன?"

"கண்ணு முழிச்சப்ப போலீஸ்காரன் நோட்டுப் புத்தகத்தோட நிக்கிறான். போர்வையில ஒரு பக்கம் மேடா இருக்கு, இன்னொரு பக்கம் தட்டையா இருக்கு. நான் என்ன சொல்லட்டும்? உன்மேல கேஸ் போடுவான், கிரேனைப் புடுங்குவான். ஒரு விபத்துக்கு ஒரு ஆள் போதும்னு நினைச்சேன்." குரல் ஏறியது. "உன்னை யாரு அங்க போயி மூச்சைக் கவனிக்கச் சொன்னது? சொஸ்தமாகிட்டு வான்னு அனுப்பினா, தோண்டி எடுத்துட்டு வராளாம். வாயை மூடிக்கிட்டு வந்து மேல ஏறு. நீ ஏறலன்னா நான் எதுக்குடி அதைச் சொன்னேன்?"

"நான் உன்னைக் கேக்கலையே."

"கேக்காமத்தான் செஞ்சேன். நீயும் கேக்காம வாங்கிக்கோ."

வைத்துவிட்டான்.

அடுத்த இரண்டு நாளும் அவள் வகுப்புக்குப் போனாள். மூச்சு வந்தது, போயிற்று. உடம்பு சொன்னபடி கேட்டது. இப்படியே விட்டாலும் நடக்கும் என்பது அவளுக்குப் பச்சையாகத் தெரிந்தது. எண்ணம் வரும், பார்க்கலாம், போய்விடும். இன்னும் பதினேழு வருஷம் இப்படிக் கூண்டில் உட்கார்ந்து, வருகிறதையெல்லாம் வழியனுப்பிக்கொண்டு ஓய்வுக்குப் போய்விடலாம். கேட் திறக்கிறவனுக்குக் காலையில் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகலாம். பயம் போய்விட்டது. பயம் போன இடத்தில் இது வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மாத்திரையும் இல்லை.

வியாழக்கிழமை டாக்டர் பாய்க்கெர்ட் அவளுடைய தாள்களைப் புரட்டினார். "ஒரு வகுப்புகூடத் தவறல. பிரமாதம். மன அமைதி, ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொன்னா?"

"எட்டு," என்றாள். அது உண்மை. பிறகு தோள்பட்டையையும் கையுறையையும் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க எங்கிட்டச் சொன்னது இந்த அறையை விட்டு வெளிய போகாது," என்றார். "சட்டப்படி போகக் கூடாது. என் வேலை உங்க ரத்த அழுத்தம், தூக்கம், பயம். மூணும் நல்லா இருக்கு. நீங்க ஏறலாம்னுதான் நான் எழுதணும். வேற எழுதினா அது பொய்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"அது மருத்துவம் இல்லையே," என்றார் அவர், வருத்தத்தோடுதான். தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார். எதற்காக வந்தாளோ அது அவள் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எர்டாலுக்கு ஒரே வரி அனுப்பினாள்: நாளைக்கு எட்டு மணிக்கு க்ளாஸெனிடம் சொல்லப் போகிறேன். பதில் இல்லை. ஆனால் திங்கட்கிழமை அவள் ஃபோர்மேன் அறைக்குள் நுழைந்தபோது, அவன் ஊன்றுகோலைத் தொடை மேல் வைத்துக்கொண்டு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். க்ளாஸென் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் முப்பது வருஷம் கிரேன் கூண்டில் உட்கார்ந்தவர்.

"அவ தப்பா சொல்றா," என்றான் எர்டால். "நான் கையைத் தூக்கினேன். மலையில அஞ்சு வாரம் இருந்துட்டு வந்திருக்கா, என்னென்னமோ காட்சி தெரியுது."

"உன் கையுறை சங்கிலியில இருந்துச்சு, எர்டால்."

"கழண்டு விழுந்திருக்கும்."

"மேல நோக்கியா விழும்?"

க்ளாஸென் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அதை நானும் பாத்தேன்," என்றார் மெதுவாக. "நான்தான் எடுத்துப் பெட்டியில போட்டேன்." பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ரமோனா, இதை நான் எழுதினா எங்க போய் நிக்கும்னு யோசிச்சியா? தோளைப் பாத்து தூக்காதவன் இந்தக் கொட்டகையில எவன் இருக்கான்? நானே தூக்கியிருக்கேன். பாதிப் பேரை மேலேருந்து இறக்கச் சொல்லுவாங்க. உன்னை ஒரு பய மதிக்க மாட்டான்."

"தெரியும்."

"நாளைக்கு வா. ராத்திரி யோசிச்சுட்டு வா."

"அஞ்சு வாரமா அதைத்தானே செஞ்சேன்," என்றாள். "எழுதுங்க."

அவர் எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்பதுபோல் காத்திருந்து, எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். கிரேன் ஓட்டும் அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். விசாரணை முடிகிறவரை இரும்பு பிரிக்கும் கொட்டகை என்றார் க்ளாஸென். "அதுக்கப்புறம் என்னன்னு கேக்காத. எனக்குத் தெரியாது." பயிற்சிக் கூடத்து வேலைக்கு மறுபடி மனுப் போடச் சொல்லி எர்டாலிடம் சொன்னார். எர்டால் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து வெளியே போனான்.

வாகன நிறுத்தத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. மனைவி அவனை இறக்கிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். டிராம் நிறுத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஈரத் தரையில் அந்தக் கால் வழுக்கும். ரமோனா காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவன் நெடுநேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கதவைத் திறந்து, முதலில் உடம்பை உள்ளே விட்டு, காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான்.

"டிராம் வரைக்கும்தான்," என்றான். "வீட்டுக்கு வேணாம்."

"சரி."

"நான் உனக்குன்னு வாழ்நாள்ல ஒண்ணே ஒண்ணு செஞ்சேன். அதையும் திருப்பிக் குடுத்துட்ட."

அவள் வண்டியை எடுத்தாள். துடைப்பான் கண்ணாடியைத் துடைத்தது, மறுபடி நனைந்தது. சொல்லிவிட்டால் லேசாகும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறாள் போல. லேசாகவில்லை. எட்டு என்று சொன்ன அமைதி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மூச்சு பாதியிலேயே நின்று திரும்பியது. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் அது போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.

டிராம் நிறுத்தம் வந்தது. அவன் உடனே இறங்கவில்லை.

"இரும்புக் கொட்டகையில கையுறையெல்லாம் கிழிஞ்சதாத்தான் தருவாங்க," என்றான், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "சொந்தமா ஒரு ஜோடி வாங்கிக்கோ. தடிமனா."

பிறகு காலைத் தூக்கி வெளியே வைத்தான். உதவிக்கு அவள் இறங்கவில்லை. இறங்கினால் திட்டுவான். அவன் கூரைக்கடியில் போய் நிற்கிறவரை எஞ்சினை அணைக்காமல் இருந்துவிட்டு, பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்ததும் கிளம்பினாள்.